பட்டன் போனும் மூன்றாம் இயலும்: ஜூலை 2025

ஜூலை 1, செவ்வாய்

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகங்களோடு வந்து படிப்பவர்களுக்கான கூடத்தில் இன்று இடம் கிடைத்ததே பெரிய காரியம். பன்னிரண்டாம் தேதி குரூப் 4 தேர்வு என்பதால் காலையிலேயே கூடம் நிரம்பிவிடுகிறது. எதிரே இருந்த பெண் கைப்பேசியைப் பைக்குள் போட்டுப் பையைக் காலுக்கடியில் தள்ளிவிட்டுப் படிக்கத் தொடங்கினாள். நண்பகல் வரை குனியவே இல்லை. என்னுடையது மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. ஒலியெழுப்பாத கைப்பேசிகூடக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் சிந்தனைத் திறனில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்றும், வேறு அறையில் விட்டுவந்தவர்களே சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள் என்றும் ஏட்ரியன் வார்டும் அவருடைய சகாக்களும் 2017இல் எழுதினார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாமே அந்த முடிவை உறுதி செய்யவில்லை. எப்படியாயினும் என்னால் வேறு அறையில் வைக்க இயலாது. திருச்சியிலிருந்து, அம்மாவைப் பற்றி, எந்த நேரமும் அண்ணனின் அழைப்பு வரலாம்.

ஜூலை 2, புதன்

அழைப்பு இல்லை. ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் ஒரு பத்தி எழுதினேன். மாலையில் அதையும் அடித்துவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

என் வேலையைக் கெடுப்பது அழைப்பு அன்று, அழைப்பு வந்திருக்குமோ என்று பார்ப்பதுதான் என்பது இன்று தெளிவாகத் தெரிந்தது. அண்ணன் அழைத்தாரா என்று திரையைத் தொட்டால் துறைக் குழுவில் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து, அதற்குக் கீழே ஒரு செய்தித் துணுக்கு, அதைத் தொட்டால் வேறொன்று என்று போய், திரும்பி வரும்போது, ஏரிக்கரை போன்ற பாசன வேலைகளுக்கு ஊராரைக் கட்டாயப்படுத்திய 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தைப் பற்றி நான் என்ன சொல்ல வந்தேன் என்பதே நினைவில் இல்லை. ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவினால் முதல் வேலையின் எச்சம் கவனத்திலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் 2009இல் வெளியிட்ட கட்டுரையில் சொல்கிறார். எனக்கு எச்சம் இரண்டு பக்கமும் தங்குகிறது: ஏரியைப் பற்றி எழுதும்போது திருச்சி, திருச்சியை நினைக்கும்போது ஏரி.

எத்தனையாவது கொத்தலுக்குத் தானியம் விழும் என்று தெரியாத புறாதான் ஓயாமல் கொத்துகிறது என்று உளவியலாளர் ஸ்கின்னர் காட்டினார். அந்தப் புறாவுக்குத் தானியம் மட்டுமே வேண்டியிருந்தது. எனக்கு வேண்டிய தானியம் எதுவென்றே சொல்ல முடியவில்லை. நல்ல செய்தி வேண்டும், ஆனால் செய்தியே வராமல் இருப்பதும் ஒரு நிம்மதியாக இருக்கிறது.

ஜூலை 5, சனி

பட்டன் போன் ஒன்று வாங்கினேன். புது எண். அண்ணனுக்கு மட்டும் தெரியும். “இதுல கூப்பிட்டா விஷயம் இருக்குன்னு அர்த்தம், சும்மா கூப்பிட மாட்டேன்” என்றார்.

ஜூலை 7, திங்கள்

பெரிய கைப்பேசி வீட்டில், அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. நூலகத்தில் முதல் ஒரு மணி நேரம் கை தானாகவே மேசையைத் தடவியது, பிறகு அடங்கியது.

கை அடங்கினாலும் மனம் அடங்கவில்லை. இன்னும் முடிக்காத காரியம் ஒன்று மனத்தைக் குடையும்போது, அதை முடிக்க வேண்டியதில்லை, எப்போது எப்படிச் செய்வோம் என்று திட்டவட்டமாக எழுதிவைத்தாலே குடைச்சல் குறைகிறது என்று மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011இல் கண்டறிந்தார்கள். ஆகவே ஓர் அட்டையில் எழுதினேன்: அழைப்பு வந்தால் முதலில் வீட்டுக்குப் போய்ப் பையை எடுப்பது, மேசை இழுப்பறையில் உள்ள பணம், கிளாம்பாக்கத்திலிருந்து பேருந்து, பழைய அறிக்கைகள் வைத்திருக்கும் நீலக் கோப்பு. எழுதி முடித்ததும் அழுகை வந்தது. ஆனால் அதன் பிறகு உணவு இடைவேளை வரை இடைவிடாமல் எழுதினேன். எத்தனையோ வாரங்களுக்குப் பின் அந்தச் சட்டத்தைப் பற்றிய பத்தி முழுமையாக வந்தது. ஏரிக்கரையைச் செப்பனிடுவது ஊரின் வழக்கமாக இருந்த காலத்தில், வேலைக்கு வராதவர்களை ஊரே பார்த்துக்கொண்டது. சட்டம் வந்ததும் வராமை தண்டனைக்குரியதாயிற்று என்று ஒருவாறு சொல்லிவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

பத்தி இன்றும் நன்றாகவே இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

நெறியாளரைச் சந்தித்தேன். இனி மதியம் ஒரு முறை, மாலை ஒரு முறை மட்டுமே செய்திகளைப் பார்ப்பேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். “தாராளமா செய்யுங்க, நானும் பகல்ல பாக்குறதில்ல” என்றார். இத்தனை நாளாக யாருடைய கோபத்துக்கு அஞ்சி நொடியில் பதில் அனுப்பிக்கொண்டிருந்தேன்?

அலுவலக ஊழியர்களைக் கூடவே இருந்து கவனித்த குளோரியா மார்க்கின் ஆய்வுகளில், வெளியிலிருந்து வரும் குறுக்கீடுகளுக்கு ஏறத்தாழ இணையாக, தாமே தம்மைக் குறுக்கிட்டுக்கொள்வதும் பதிவாகியிருக்கிறது. அதை நம்புகிறேன்.

சிரில்லோவின் தக்காளிக் கடிகார முறையையும் முயன்றேன்: 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு. அடிக்குறிப்புகளைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. வாதத்தைக் கட்டுவதற்கு இது உதவாது. சூடுபிடிக்கும் நேரத்தில் மணி அடித்துத் தொலைக்கிறது.

ஜூலை 12, சனி

இன்று தேர்வு. எதிர்மேசைப் பெண் நன்றாக எழுதியிருக்க வேண்டும். பெயர்கூடக் கேட்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

கூடத்தில் பாதி நாற்காலிகள் காலி. மின்விசிறிக்கு அடியில், சுவரோரம், எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம். எங்கு உட்கார்ந்தும் எழுத வரவில்லை. கைப்பேசி இல்லை, குழு இல்லை, பேச்சு இல்லை, அட்டையும் மேசைமேல் இருக்கிறது. ஏற்பாடுகள் எல்லாம் அப்படியே இருக்கும்போது குறைந்தது என்ன என்று யோசித்தால், சுற்றிலும் குனிந்திருந்த அந்தத் தலைகள்தாம். என் ஒழுக்கம் என்று நான் எண்ணிக்கொண்டிருந்ததில் பெரும்பங்கு அவர்களிடமிருந்து இரவல் வாங்கியது. ஒரு பழக்கம் தானாக நிகழும் நிலையை எட்ட 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகலாம், சராசரி 66 என்று லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் கணக்கிட்டார்கள். அந்த அகன்ற இடைவெளியில் நான் எங்கே இருக்கிறேன் என்று யார் சொல்வது? ஒரு நாள் தவறினால் பெரிய பாதகமில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. இன்றைய நாளை அந்தக் கணக்கில் வைத்துவிட்டு நான்கு மணிக்கே வீட்டுக்குப் போனேன்.

அரிசி டப்பாவுக்குப் பின்னால் கை போகவில்லை. இதை எழுதிவைக்கத் தோன்றியது.

ஜூலை 15, செவ்வாய்

மூன்றாம் இயலின் முடிவுரையைத் தொடங்கினேன். அம்மாவின் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தது. அண்ணனின் எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிக்கும் முன்பே துண்டித்தேன். நான் கூப்பிட்டால் அவர் பதறிவிடுவார்.

ஜூலை 16, புதன்

பதினொன்றே காலுக்குப் பட்டன் போன் அடித்தது. வெளியே போய்ப் பேசுவதற்குள் கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பை, பணம், நீலக் கோப்பு எல்லாம் அட்டையில் எழுதியபடியே நடந்தன. மடிக்கணினியை எடுத்துச் செல்வதா என்று மட்டும் அதில் இல்லை. இப்போது கிளாம்பாக்கத்தில் இருக்கிறேன். இரண்டு மணி வண்டியில் ஜன்னலோர இருக்கை கிடைத்திருக்கிறது. நெறியாளருக்கு இன்னும் சொல்லவில்லை.