மருந்துச் சீட்டில் செவிலியரின் கையெழுத்து

பிரிட்டனில் வேலை பார்க்கும் நம் ஊர்ச் செவிலியர்களில் சிலர், சில ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு, மருந்துச் சீட்டு எழுதும் உரிமையைப் பெறுவதற்கான முதுநிலைப் படிப்பில் சேர்கிறார்கள். சேலத்தில் ஒரு செவிலியர் கல்லூரியில் மருந்தியல் நடத்துகிறவள் என்பதால், என்னிடம் படித்துச் சென்றவர்களின் பாடக் குறிப்புகளும் சந்தேகங்களும் இரவு நேரங்களில் என் கைபேசிக்கு வந்து சேர்கின்றன. அவற்றுக்குப் பதில் எழுதி எழுதியே எனக்கு ஓர் எண்ணம் உறுதிப்பட்டிருக்கிறது. அந்த நாட்டைப் பார்த்து நாம் எதையாவது எடுத்துக்கொள்வதாக இருந்தால், அவர்கள் 2006-இல் எட்டிய இடத்தை விட்டுவிட்டு, 2003-இல் ஏறிய படியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அது.

அங்கே இந்த உரிமை ஒரே நாளில் வந்துவிடவில்லை. வீடு வீடாகச் சென்று புண்ணுக்குக் கட்டுப் போடும் சமூகச் செவிலியர்கள், எந்தக் கட்டு வேண்டும் என்று தாங்களே முடிவு செய்துவிட்டு, கையெழுத்துக்காக மட்டும் மருத்துவரின் அறை வாசலில் காத்துக் கிடப்பதை 1986-இல், சமூகச் செவிலியர்களின் பணியை ஆராய்ந்த கம்பர்லெஜ் குழுவின் அறிக்கை சுட்டிக்காட்டியது. அதற்கான சட்டம் 1992-இல் வந்தது. 1994-இல் சில இடங்களில், ஒரு சிறு மருந்துப் பட்டியலோடு, சோதனை முயற்சி தொடங்கியது. 2003-இல், மருத்துவரோடு ஒப்புக்கொண்ட திட்டத்துக்குள் மட்டும் செவிலியர் துணைநிலையில் மருந்து எழுதும் முறை அறிமுகமானது. 2006-இல்தான் செவிலியர்களும் மருந்தாளுநர்களும் தம் திறன் எல்லைக்குள் ஏறக்குறைய எந்த மருந்தையும் தாமே எழுதலாம் என்ற நிலை பிறந்தது. இயன்முறை சிகிச்சையாளர்களுக்கு 2013-லும், ஆம்புலன்சில் வரும் பாராமெடிக்குகளுக்கு 2018-லும் அந்த உரிமை கிடைத்தது. அறிக்கையிலிருந்து முழு உரிமைக்கு வந்து சேர இருபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன என்பதை, நாளைக்கே வேண்டும் என்று இங்கே மேடையில் பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

படிப்பின் அளவைப் பார்த்தால் சிறியதாகத்தான் தோன்றும். மருந்தாளுநர்களுக்கு 26 நாள்களுக்கு இணையான பாடமும், மேற்பார்வையில் 90 மணி நேரப் பயிற்சியும் விதிக்கப்பட்டிருக்கின்றன. செவிலியர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவுதான். பல பல்கலைக்கழகங்களில் மருந்தியல் தேர்வில் 80 மதிப்பெண் எடுத்தால் போதும், ஆனால் மருந்தளவுக் கணக்கில் நூற்றுக்கு நூறு எடுத்தாக வேண்டும். இதைச் சொன்னதும் என் மாணவிகள் அநியாயம் என்பார்கள். நான் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவேன். பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பாராசிட்டமால் என்றால் ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம். நம் கடைகளில் கிடைக்கும் சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் உண்டு, 250 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் உண்டு. முதலாவதில் 7.2 மில்லி, இரண்டாவதில் 3.6 மில்லி. போன காய்ச்சலுக்குக் கொடுத்த அளவையே நினைவில் வைத்துக்கொண்டு இந்த முறை வேறு பாட்டிலிலிருந்து மூடியில் ஊற்றும் தாய், தன்னை அறியாமலே இரண்டு மடங்கு கொடுத்துவிடுகிறாள். அந்தக் கணக்கில் 95 மதிப்பெண் என்பதற்கு என்ன பொருள் இருக்க முடியும்?

ஆனாலும் கணக்கும் மருந்தியலும் இந்தப் படிப்பின் எளிய பாதிதான். கடினமான பாதி அந்த 90 மணி நேரத்தில் இருக்கிறது. ஏற்கெனவே மருந்து எழுதும் உரிமையும் அனுபவமும் உள்ள ஒருவர், முன்பெல்லாம் மருத்துவர் மட்டுமே, இப்போது மூத்த செவிலியரோ மருந்தாளுநரோகூட, மாணவரின் பக்கத்தில் உட்கார்ந்து, இவர் நோயாளியிடம் என்ன கேட்டார், எதைக் கேட்காமல் விட்டார், ஏன் இந்த மருந்தைத் தேர்ந்தார், மருந்தே இல்லாமல் சமாளிக்க முடியாதா, ஏற்கெனவே சாப்பிடுகிற எதை நிறுத்தலாம் என்றெல்லாம் கிளறிக் கேட்டு, கடைசியில் இவரைத் தனியாக விடலாம் என்று தன் பெயரில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்நாட்டு அரச மருந்தியல் சங்கம் வகுத்த பத்துத் தகுதிகளில் முதலாவது நோயாளியை மதிப்பிடுவது. சீட்டு எழுதும் வேலை அதற்கெல்லாம் பின்னால்தான் வருகிறது. என் பழைய மாணவி ஒருத்தி தன் பயிற்சிக் குறிப்பேட்டில், ஒரு முற்பகல் முழுவதும் உட்கார்ந்து ஒரு மருந்துகூட எழுதாமல் இரண்டு மருந்துகளை நிறுத்தியதைப் பதிந்துவிட்டு, “மேடம், இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா?” என்று கவலையோடு கேட்டிருந்தாள். எடுத்துக்கொண்டார்கள், நல்ல மதிப்பெண்ணும் கொடுத்தார்கள்.

இங்கே ஏற்காட்டு மலைக்கு வருவோம். சமூக நலப் பயிற்சிக்காக மாணவிகளை நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம் பக்கங்களுக்கு அழைத்துப் போவது வழக்கம். காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் ஒரு மூதாட்டி தன் மஞ்சள் பையைத் திண்ணையில் கவிழ்த்தபோது விழுந்தவை இவை: இரத்த அழுத்தத்துக்கென்று அரசு மருத்துவமனையில் கொடுத்த எனலாப்ரில் அட்டை ஒன்று, கால் வீக்கத்துக்கென்று ஃபுரோசெமைடு, மல்லாக்கத் திருப்பினால் பெயர் பாதி கிழிந்துபோன டைக்ளோஃபெனாக் இரண்டு அட்டை. கடைசி அட்டை எங்கே வாங்கியது என்று மாணவி கேட்டாள். “டவுன்ல மெடிக்கல்ல வாங்கறதுதாங் கண்ணு, மூட்டு வலிக்கு இதுதான் கேக்குது” என்றார். தனித்தனியே பார்த்தால் மூன்றும் நல்ல மருந்துகள். மூன்றையும் சேர்த்துச் சாப்பிட்டால் சிறுநீரகத்துக்குள் போகும் இரத்தத்தை டைக்ளோஃபெனாக் குறைக்கிறது, வடிகட்டும் அழுத்தத்தை எனலாப்ரில் தளர்த்துகிறது, உடம்பிலுள்ள நீரை ஃபுரோசெமைடு இறக்குகிறது. வெயிலில் வேலை செய்து தண்ணீரும் குடிக்காத நாளில் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடும். பையைப் பார்த்ததுமே என் மாணவிக்கு இது தெரிந்துவிட்டது. தெரிந்தும் அவளால் செய்யக்கூடியது, வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு, மலையிறங்கி டாக்டரைப் பாருங்கள் என்று சொல்வது மட்டுமே. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டிய பயணம் அது.

நம் சட்டம் என்ன சொல்கிறது என்றால், மருந்துச் சீட்டு எழுதுவது பதிவு பெற்ற மருத்துவரின் வேலை. வலுவான ஆன்டிபயாடிக்குகள் பல அடங்கிய எச்-1 பட்டியல் மருந்துகளை விற்கும் கடைக்காரர், எழுதிய மருத்துவர், நோயாளி இருவரின் பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2014 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சிலின் தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு; முடித்து வருகிறவர்கள் மருத்துவமனையின் நெறிமுறைக்குள்தான் இயங்க முடியும். தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-இன் 32-ஆம் பிரிவு, மருத்துவர் அல்லாதவர்களும் சமூக சுகாதார வழங்குநர் என்ற பெயரில், வரையறுத்த சில மருந்துகளை எழுத ஒரு வழியைத் திறந்து வைத்தது. அதை எதிர்த்து அந்த ஆண்டு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய கோபத்தை நான் வெறும் தொழில் பொறாமை என்று தள்ளிவிடத் தயாராக இல்லை. அந்தப் பிரிவு உரிமத்தைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, இவர் தகுதியானவர் என்று கையெழுத்துப் போடப்போகிறவர் யார் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஊருக்கு ஊர் போலி மருத்துவர் பிடிபடும் நாட்டில் அந்த வரி இல்லாத சட்டத்தைக் கண்டு பயப்படத்தான் செய்வார்கள்.

2003-ஆம் ஆண்டின் முறையை நான் விரும்புவதற்குக் காரணம் இதுதான். அதன்படி நோயைக் கண்டறிகிறவர் மருத்துவர். பிறகு மருத்துவர், செவிலியர், நோயாளி மூவரும் ஒப்புக்கொண்ட ஒரு சிகிச்சைத் திட்டம், அந்த ஒரு நோயாளிக்கென்றே, தாளில் எழுதப்படுகிறது. அதற்குள் மருந்தைக் கூட்டவும் குறைக்கவும் மாற்றவும் செவிலியருக்கு உரிமை உண்டு. முழு உரிமை வந்த பிறகு பிரிட்டனில் இதன் பயன்பாடு குறைந்துவிட்டாலும், உணவியல் நிபுணர்கள் இன்றும் இந்த முறையில்தான் மருந்து எழுதுகிறார்கள். நமக்கோ அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே போகின்றன. துணை சுகாதார நிலையங்களில் செவிலியர் பட்டம் பெற்ற இடைநிலைச் சுகாதாரப் பணியாளர்கள் இருக்கிறார்கள். மாத்திரை மலையேறுகிறது, அதன் அளவை மாற்றும் முடிவு மட்டும் அடிவாரத்திலேயே நிற்கிறது.

அந்த மூதாட்டிக்கான தாளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று மாணவிகளை வகுப்பில் எழுத வைத்தேன். எனலாப்ரில் எந்த அளவில் தொடங்கி எதுவரை கூட்டலாம். ஒவ்வொரு முறை கூட்டிய பிறகும் ஓரிரு வாரத்தில் இரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் தொடக்க அளவைவிட 30 விழுக்காட்டுக்கு மேல் ஏறினால் கையை எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் எனலாப்ரிலும் நீர் பிரியும் மாத்திரையும் எத்தனை நாள் நிறுத்தப்பட வேண்டும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் கூடாது, பாராசிட்டமால் எவ்வளவு தரலாம். ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. ஒருத்தி மட்டும், இதற்கெல்லாம் சம்பளம் கூட்டித் தருவார்களா, பொறுப்பை மட்டும் கூட்டுவார்களா என்று கேட்டாள். நியாயமான கேள்வி, கூடுதல் பொறுப்புக்குக் கூடுதல் சம்பளப் படி இல்லாமல் எந்த அரசாணை வந்தாலும் அதை நானே எதிர்ப்பேன்.

இன்னொரு சிக்கலும் வகுப்பில் எழுந்தது. மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் இளம் மருத்துவர் மேற்படிப்புக்குப் போய்விடுவார், அல்லது மாறுதல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார். அவர் ஒப்புக்கொண்ட தாள் அதற்குப் பிறகு செல்லுமா? பிரிட்டனில் புதிதாக வருகிற மருத்துவரோடு மறுபடி ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். அதே விதியை இங்கே அப்படியே வைத்தால், மருத்துவர் இல்லாத இடைவெளியில் திட்டம் முழுவதும் நின்றுபோகும். பழைய தாள் மூன்று மாதம் வரை செல்லும், அதற்குள் புதியவரோ வட்டார மருத்துவ அலுவலரோ பார்த்துக் கையெழுத்திட வேண்டும், அந்த மூன்று மாதத்தில் அளவைக் குறைக்கலாம், கூட்டக் கூடாது என்று மாணவிகள் முடிவு செய்தார்கள். கூட்டக் கூடாது என்ற பகுதியில் மட்டும் எனக்கு இன்னும் உடன்பாடில்லை; இரத்த அழுத்தம் 170-இல் நிற்கும் ஒருவரைக் கையெழுத்துக்காக மூன்று மாதம் காக்க வைப்பது, 1986-இல் மருத்துவர் அறை வாசலில் காத்துக் கிடந்த செவிலியரின் கதையை இங்கே புதிதாகத் தொடங்குவதாகும்.