குரோஷா ஊசியும் ஐந்தாம் எடுகோளும்

ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள ஒரு புள்ளி வழியாக அந்தக் கோட்டுக்கு ஒரே ஓர் இணைகோடுதான் வரைய முடியும். யூக்ளிடின் ஐந்தாம் எடுகோள் என்று நாம் பள்ளியில் படித்தது இந்த வடிவத்தைத்தான். ஜான் பிளேஃபேர் 1795இல் தன் பாடநூலில் பிரபலப்படுத்திய சுருக்கம் இது. யூக்ளிட் எழுதியது இதைவிட நீளம். படிக்கும்போதே மூச்சு வாங்கும். அவருக்கே அதைத் தொடத் தயக்கம் இருந்திருக்கும் போல. தன் 'எலிமென்ட்ஸ்' நூலின் முதல் புத்தகத்தில் 28 தேற்றங்களை அது இல்லாமலே நிறுவிவிட்டு, 29ஆவதில்தான் அதைக் கையில் எடுக்கிறார்.

இதை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு எளிய நூல்களில் ஒரு வாய்பாடு உண்டு. இணைகோடு ஒன்று என்றால் முக்கோணத்தின் கோணங்கள் கூட்டி 180 பாகை. பல என்றால் அதற்குக் குறைவு. ஒன்றுமே இல்லை என்றால் அதிகம். இந்த வாய்பாடு எங்கே வரை தாங்கும் என்று கையால் செய்து பார்ப்பதே கொஞ்ச காலமாக என் பொழுதுபோக்கு. பாதி வேலை நூலில், பாதி வேலை வரைபடத்தாளில்.

தொடக்கம் காகிதத்தில். தடித்த தாளில் 3 செ.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணங்களை வெட்டி, ஒவ்வோர் உச்சியிலும் ஏழு முக்கோணம் வருமாறு ஒட்டினேன். ஆறு என்றால் தரை போல் படிந்திருக்கும், ஐந்து என்றால் பந்து போல் மூடிக்கொள்ளும். ஏழு என்றால் இடம் போதாமல் தாள் மேலும் கீழுமாக நெளிகிறது. குறைந்த செலவில் அதிபரவளையத் தளத்தை, அதாவது இணைகோடுகள் பல உள்ள தளத்தை, பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அதில் நேர்கோடு வரைவது தலைவலி, ஏனென்றால் வளைவு முழுவதும் உச்சிகளில் குவிந்திருக்கிறது. ஓர் உச்சிக்கு இந்தப் பக்கம் போகும் கோடும் அந்தப் பக்கம் போகும் கோடும் திடீரென்று பிரிந்துவிடுகின்றன.

எனவே குரோஷா, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னும் கலை. கணித அறிஞர் வில்லியம் தர்ஸ்டன் காகித வளையத் துண்டுகளை ஒட்டிச் செய்யச் சொன்ன மாதிரியை, 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா நூலால் பின்னிக் காட்டினார். விதி ஒரே வரிதான்: குறிப்பிட்ட எண்ணிக்கைக் கண்ணிகளுக்கு ஒருமுறை, ஒரே கண்ணியில் இரண்டு போட வேண்டும். இதை முதல் வரிசையிலிருந்து கடைசி வரை மாற்றாமல் செய்தால் போதும்.

அந்த எண்ணிக்கையை எவ்வளவு வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் கைப்பின்னலில் ஒரு வரிசையின் உயரம் சுமார் அரை செ.மீ., ஒரு கண்ணியின் அகலமும் அவ்வளவே. 20 கண்ணியில், அதாவது 10 செ.மீ. விளிம்பில் தொடங்குகிறோம் என்று வையுங்கள். ஐந்தை ஆறாக்கினால் ஒவ்வொரு வரிசையும் முந்தையதைப் போல 1.2 மடங்கு. முப்பதாவது வரிசை ஏறத்தாழ 24 மீட்டர்! உயரமோ 15 செ.மீ.தான். பார்க்கக் கோழிக்கொண்டைப் பூவேதான், ஆனால் கோடு வரைய இடுக்கில்லை. பன்னிரண்டைப் பதின்மூன்றாக்கினால் அதே முப்பதாவது வரிசை 1.1 மீட்டரில் நிற்கிறது. நான் இதைத்தான் பின்னினேன். எனக்குக் குரோஷா கற்றுத்தந்த அத்தை, இதே நூலில் ஒரு மேசைவிரிப்பு போட்டிருக்கலாம் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பின்ன நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: மென்மையான கம்பளி வேண்டாம். விறைப்பான அக்ரிலிக் நூலும், அதற்கு வழக்கமாகப் பயன்படுத்துவதைவிட ஓர் அளவு சிறிய ஊசியும் எடுத்துக்கொள்ளுங்கள். துணி இறுக்கமாக இல்லாவிட்டால் மடிப்பு நிற்காது. நேர்கோடு கிடைப்பதே மடிப்பில்தான்.

ஆம், இந்தத் துணியில் நேர்கோடு என்பது மடித்தால் விழும் கோடு. பின்னல் வரிசைகள் நேராகத் தோன்றினாலும் அவை நேர்கோடுகள் அல்ல. அடியில் ஒரு மடிப்புப் போட்டு, அதன் மேல் வேறு நிற நூலை ஓடவிட்டேன். அதிலிருந்து சுமார் 6 செ.மீ. மேலே ஒரு புள்ளி. கோட்டுக்கு அங்கிருந்து ஒரு செங்குத்து. இந்த 6 செ.மீ. சும்மா எடுத்ததல்ல. வரிசை உயரத்தைப் பெருக்க விகிதத்தின் இயல் மடக்கையால் வகுத்தால், அதாவது 0.5ஐ 0.08ஆல் வகுத்தால், இந்தத் தளத்தின் ஆரம் (அது எவ்வளவு வளைந்தது என்பதன் அளவு) சுமார் 6.2 செ.மீ. என்று வருகிறது. ஓர் ஆரத் தொலைவில் புள்ளி இருந்தால், செங்குத்தோடு 40.4 பாகைக்கு மேல் சாய்ந்த எந்தக் கோடும் கீழ்க்கோட்டைச் சந்திக்காது. இந்த வடிவியலை உருவாக்கிய லொபாசெவ்ஸ்கியும் போல்யாயும் தனித்தனியே கண்ட சூத்திரம் இது. யூக்ளிடின் உலகில் அந்தக் கோணம் 90. ஒரு பாகை குறைந்தாலும் எங்கோ ஓரிடத்தில் முட்டியே தீரும். இங்கே 50 பாகையில் ஒரு மடிப்பு, 65இல் ஒன்று, 80இல் ஒன்று. மூன்றும் முதலில் கீழ்க்கோட்டை நோக்கிக் கொஞ்சம் இறங்கி, பிறகு விலகி ஓடுகின்றன. தாளில் எத்தனை முறை படித்திருந்தாலும், அந்த விலகலை விரலால் தடவிப் பார்ப்பது வேறு அனுபவம்.

முக்கோணங்களும் வாய்பாட்டின்படியே நடந்துகொண்டன. இந்தத் துணியில் 20 சதுர செ.மீ. பரப்புள்ள முக்கோணத்துக்குக் கணக்குப்படி சுமார் 30 பாகை குறைய வேண்டும். பாகைமானியை நெளியும் துணியில் வைத்து அளந்தபோது 150ஐ ஒட்டித்தான் வந்தது. நூலின் தடிமனுக்கு இதற்கு மேல் துல்லியம் கேட்க முடியாது. எவ்வளவு பெரிதாக வரைந்தாலும் முக்கோணத்தின் பரப்பு சுமார் 122 சதுர செ.மீ.யைத் தாண்டாது என்பதுதான் எனக்கு இன்றும் விழுங்கக் கடினமான செய்தி.

இதுவரை வாய்பாட்டுக்குப் பழுதில்லை. அதை முதலில் உடைத்தவர் மாக்ஸ் டேன். ஜெர்மன் கணித அறிஞர் ஹில்பெர்ட்டின் மாணவர், 1900இல் இதைச் செய்தார். அவருடைய மாதிரியை நூலால் பின்ன முடியாது, பென்சில்தான்.

வரைபடத்தாளில் கிடை அச்சைக் கொடுக்கப்பட்ட கோடாக வைத்துக்கொள்ளுங்கள். (0, 1) என்ற புள்ளி வழியாக 0.1 என்ற சாய்வில் கீழே இறங்கும் கோடு, அச்சை 10இல் வெட்டும். சாய்வு 0.01 என்றால் 100இல். 0.001 என்றால் 1000இல், அதற்குள் தாள் தீர்ந்துவிடும். இப்போது எண்களின் கூட்டத்தைப் பெரிதாக்கி, பூச்சியத்தைவிடப் பெரியதாகவும் எல்லா நேர்ப் பின்னங்களையும்விடச் சிறியதாகவும் உள்ள எண்களை அதில் சேர்க்கிறோம். அவற்றில் ஒன்றுக்கு த என்று பெயர். சாய்வு த என்றால் வெட்டும் இடம் 1/த. அது எந்த முழு எண்ணையும்விடப் பெரியது. டேன் செய்தது இவ்வளவுதான்: ஆயத்தொலைவுகள் முடிவுள்ளவையாக இருக்கும் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை நீக்கிவிட்டார். வெட்டும் புள்ளி தளத்திலேயே இல்லை, எனவே அந்தக் கோடு இணைகோடு. 2த, 3த என்ற சாய்வுகளும் அப்படியே. இணைகோடுகள் எண்ணிலடங்கா. ஆனால் முக்கோணங்கள் எல்லாம் பழைய தளத்தின் முக்கோணங்களே. கோணங்களின் கூட்டுத்தொகை இம்மி பிசகாமல் 180.

வாய்பாட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது ஆர்க்கிமிடீஸின் பெயரால் அழைக்கப்படும் எடுகோள். சிறிய குச்சியைத் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டே போனால் எந்த நீளத்தையும் தாண்டிவிடலாம் என்பது அது. டேனின் தளத்தில் த நீளமுள்ள குச்சியை எத்தனை முறை வைத்தாலும் 1ஐத் தொட முடியாது.

வாய்பாடு மறுபக்கம் உடைவதை, அதாவது இணைகோடு ஒன்றாக இருந்தும் 180 வராததை, வானியலாளர் ஃபாரஸ்ட் ரே மோல்டன் 1902இல் தந்த தளத்தில் பார்க்கலாம். இதை ஒரு மாலையில் வரைந்துவிடலாம். கிடைக்கோடு, நிலைக்கோடு, வலப்பக்கம் ஏறும் கோடு எல்லாம் வழக்கம்போல. இறங்கும் கோடுகள் மட்டும் நிலை அச்சைக் கடக்கும்போது இரு மடங்கு செங்குத்தாக ஒடிகின்றன. இரண்டு புள்ளிகளுக்கு ஒரே கோடு. வெளிப்புள்ளி வழியாக ஒரே இணைகோடு. ஐந்தாம் எடுகோளின் சொல்லுக்கு எந்தக் குறையும் இல்லை.

(-2, 2), (2, -4) ஆகிய புள்ளிகளை இந்த முறைப்படி இணைத்தால் கோடு ஆதிப்புள்ளியில் ஒடியும். மூன்றாவது உச்சியை (-2, -4)இல் வைத்துச் சாதாரணப் பாகைமானியால் அளந்தால் 90, 45, 63.4; மொத்தம் 198.4. அதே ஒடிந்த பக்கத்தை வைத்துக்கொண்டு மூன்றாவது உச்சியை (2, 2)க்கு மாற்றினால் 161.6. ஒரே தளம், ஒரே இணைகோடு, ஆனால் ஒரு முக்கோணத்தில் அதிகம், இன்னொன்றில் குறைவு. இரண்டு பக்கமும் இடைக்கோணமும் சமமானால் முக்கோணங்கள் சர்வசமம் என்ற விதியை மோல்டன் காவு கொடுத்திருக்கிறார். சர்வசம விதிகள் நிற்கும் வரைதான் 'ஓர் இணைகோடு' 180ஐக் கொண்டுவரும்.

மோல்டன் இதைச் செய்தது கோணங்களுக்காக அல்ல, டெசார்க் தேற்றம் பொய்க்கும் எளிய தளம் ஒன்று காட்டுவதற்காக. இரண்டு முக்கோணங்களின் ஒத்த உச்சிகளை இணைக்கும் கோடுகள் ஒரே புள்ளியில் சந்தித்தால், ஒத்த பக்கங்கள் சந்திக்கும் மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் விழும் என்பது அந்தத் தேற்றம். அந்தப் படத்தையும் வரைந்தேன். தந்திரம் எளிது: படத்தின் பெரும்பகுதியை அச்சுக்கு ஒரே பக்கத்தில் வைத்து, ஒரே ஒரு கோடு மட்டும் ஒடியுமாறு அமைத்தால், ஒரே கோட்டில் விழ வேண்டிய மூன்று சந்திப்புப் புள்ளிகளில் ஒன்று தள்ளி நிற்கிறது. கூர்மையான பென்சில் வேண்டும், இல்லாவிட்டால் கைத்தவறு என்று தோன்றும்.

டேனின் இன்னொரு மாதிரி பாக்கி. அதில் இணைகோடுகள் பல, கோணக்கூட்டுத்தொகையோ 180க்கு அதிகம். முடிவிலி அளவு ஆரமுள்ள கோளத்தில் முடிவுள்ள தொலைவுக்குள் நின்று பார்க்கும் கணக்கு அது. மிகுதியாக வரும் கோணம் த போன்ற நுண்ணிய அளவில்தான் இருக்கும். நோட்டில் எழுதிவிட்டேன். கையால் தொட்டுப் பார்க்கும்படி எதில் செய்வது என்று யாருக்காவது யோசனை இருந்தால் சொல்லுங்கள்.