ஸ்கைலாப் ஏன் விழுந்தது?

குடியாத்தம் நெல்லூர்ப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியில், சென்ற மே மாதத்தில் ஒரு மாலை, அப்பாவும் நானும் அக்கா மகனும் பாய் விரித்துப் படுத்திருந்தபோது, சர்வதேச விண்வெளி நிலையம் விண்மீன் ஒன்று நடந்து போவதைப் போலத் தலைக்கு மேலே கடந்து சென்றது. அதைப் பார்த்த அப்பா, இதுவும் ஒருநாள் ஸ்கைலாப் மாதிரி விழுமா என்று கேட்டார். ஸ்கைலாப் அமெரிக்காவின் முதல் விண்வெளி நிலையம். அது பூமியில் விழப்போகிறது என்ற செய்தி பரவிய 1979 ஜூலையில் எங்கள் தெருவில் தறிகள் இரண்டு நாள் ஓடவில்லையாம். உலகமே முடியப்போகிறது என்று வளர்த்த கோழிகளை அடித்துக் குழம்பு வைத்துச் சாப்பிட்டவர்களும் உண்டாம். பத்தாம் வகுப்பு எழுதிவிட்டு வந்திருந்த அக்கா மகனுக்கு அந்தக் கதையைவிட அதில் இருந்த முரண்பாடுதான் பெரிதாகப் பட்டது. "மேலே காற்றே இல்லையே மாமா, தடுக்க எதுவும் இல்லாத இடத்தில் சுற்றுகிற பொருள் எதற்கு விழ வேண்டும்?" என்றான்.

கேள்வி நியாயமானது. காற்று ஓர் உயரத்தில் முடிந்து, அதற்கு மேல் வெற்றிடம் தொடங்குகிறது என்று நாம் எண்ணிக்கொள்வதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. உண்மையில் காற்றுக்கு விளிம்பு கிடையாது. தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர் ஏறினால் அழுத்தம் பாதியாகிறது, அதே அளவு மீண்டும் ஏறினால் அதிலும் பாதியாகிறது, இப்படித் தேய்ந்துகொண்டே போகிறதே ஒழியத் தீர்ந்துபோவதில்லை. விண்வெளி நிலையம் சுற்றும் சுமார் 400 கி.மீ. உயரத்தில் காற்றின் அடர்த்தி தரையில் உள்ளதைப் போல லட்சம் கோடியில் இரண்டு மூன்று பங்குதான். ஆனால் நிலையத்தின் வேகம் நொடிக்கு 7.67 கி.மீ.; காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் பைக்கைப் போல 460 மடங்கு வேகம் என்றால், அதே காற்றில் எதிர்ப்பு 2 லட்சம் மடங்கைத் தாண்டிவிடும். அதனால் அந்த அற்பக் காற்றே நிலையத்தை மாதத்துக்கு ஏறத்தாழ 2 கி.மீ. கீழே இறக்கிவிடுகிறது, அவ்வப்போது எஞ்சினை இயக்கி மேலே தூக்கி விடுகிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம் ஒன்று உண்டு. காற்று தடுப்பதால் செயற்கைக்கோளின் வேகம் குறைவதில்லை, கூடுகிறது. 400 கி.மீ. உயரத்தில் நொடிக்கு 7.67 கி.மீ. ஆக இருந்தது, 200 கி.மீ.க்கு இறங்கும்போது 7.78 ஆகிவிடும். வி.கோட்டாவிலிருந்து பேரணாம்பட்டுக்கு இறங்கும் மலைச்சாலையில், டிரைவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தும் லாரி வேகமெடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். செயற்கைக்கோள் உயரத்தை இழக்கும்போது கிடைக்கும் ஆற்றலில் பாதியைத்தான் காற்று வெப்பமாகப் பிடுங்கிக்கொள்கிறது. மீதிப் பாதி வேகமாக மாறுகிறது. பையன் இதை நம்பவில்லை. மறுநாள் காலையில் நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டான்.

ஸ்கைலாப்புக்கு வந்த வினை சூரியனிலிருந்து வந்தது. 1973 மே மாதம் ஏறத்தாழ 435 கி.மீ. உயரத்தில் நிறுத்தப்பட்ட அந்த நிலையத்தை, விண்வெளி ஓடம் (ஸ்பேஸ் ஷட்டில்) தயாரானதும் மேலே தள்ளிவிடலாம் என்று நாசா எண்ணியிருந்தது. ஆனால் சூரியனின் செயல்பாடு எதிர்பார்த்ததைவிடத் தீவிரமாக இருந்தது. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் மேல் வளிமண்டலத்தைச் சூடாக்கும்போது, கொதிக்கும் பாலைப் போல அது பொங்கி எழுகிறது, 400 கி.மீ. உயரத்தில் அடர்த்தி, சூரியன் அமைதியாக இருக்கும் ஆண்டுகளைக் காட்டிலும் பத்து மடங்கு வரை கூடிவிடும். ஓடம் முதன்முதலில் பறந்தது 1981-இல். ஸ்கைலாப் அதுவரை காத்திருக்கவில்லை. 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களில் 38, சூரியப் புயலால் பொங்கிய காற்றில் சிக்கி அழிந்ததும் இதே கதைதான்.

விழுகிற பொருள் ஏன் எரிகிறது என்பதற்குக் காற்றோடு உராய்வதால் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது பாதிகூட உண்மையல்ல. எங்கள் ஊரில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் அம்மனின் சிரசு ஊர்வலமாக வரும்போது, மேளச் சத்தம் முன்னால் போகும். அதைக் கேட்டுக் கூட்டம் விலகி வழிவிடும். காற்றிலும் ஒரு பொருள் வருகிறது என்ற சேதி ஒலியின் வேகத்தில்தான் முன்னால் போகிறது. மேளச் சத்தத்தைவிடச் சிரசு வேகமாக வந்துவிட்டால், விலக நேரமில்லாத கூட்டம் முன்னால் நெரிந்து குவிந்துவிடும் அல்லவா? ஒலியைப் போல இருபது மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் இறங்கும் கலத்தின் முன்னால் காற்று அப்படித்தான் நசுங்கிக் குவிந்து, அழுத்தத்தாலேயே பல்லாயிரம் டிகிரி சூடேறுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பகுதி சுடுவதும் பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான். மேலே போகும் ராக்கெட் இப்படி எரியாததற்குக் காரணம், அடர்ந்த காற்றைக் கடக்கும்வரை அது அத்தனை வேகம் எடுப்பதில்லை என்பதே.

அப்படியானால் திரும்பி வரும் கலத்தை ஊசிபோலக் கூராகச் செய்ய வேண்டாமா என்றான் பையன். 1950 வரை பொறியாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 1951-இல் அமெரிக்காவின் ஜூலியன் ஆலன் அதைத் தலைகீழாக்கினார்: கூர்மூக்கில் அதிர்வலை, அதாவது முன்னால் நசுங்கிக் குவிந்த காற்றின் விளிம்பு, உடலை ஒட்டியே நிற்பதால் வெப்பமும் உடலுக்குள் இறங்குகிறது, மழுங்கிய மூக்கோ அந்த அலையைத் தள்ளி நிறுத்துவதால் வெப்பத்தின் பெரும்பகுதி காற்றோடு விலகிப் போய்விடுகிறது. 2007 ஜனவரியில் 12 நாள் சுற்றிவிட்டு வங்கக் கடலில் வந்து இறங்கிய இஸ்ரோவின் மீட்புக் கலத்துக்கும் முகப்பு மழுங்கல்தான்.

விண்ணிலிருந்து விழுகிற எதுவும் நெருப்புப் பிழம்பாகவே தரையைத் தொடும் என்ற எண்ணமும் நம் பக்கம் ஆழமாக இருக்கிறது. 2016 பிப்ரவரி 6-ஆம் தேதி, அன்றைய வேலூர் மாவட்டத்தில் நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நிகழ்ந்து பஸ் டிரைவர் ஒருவர் இறந்தபோது, விண்கல் என்றே அறிவித்தார்கள். நாசா விஞ்ஞானிகளோ படங்களைப் பார்த்து, தரையில் நிகழ்ந்த வெடிப்பைப் போலத்தான் இருக்கிறது என்றார்கள். சிறிய கல் வானில் எரிந்து மின்னுவது சில நொடிகள்தான். 15, 20 கி.மீ. உயரத்துக்கு வருவதற்குள் காற்று அதன் விண்வெளி வேகம் முழுவதையும் தின்றுவிடும். பிறகு அது மாடியிலிருந்து நழுவிய கல்லைப் போல வெறுமனே விழுகிறது. மணிக்கு 200 முதல் 400 கி.மீ. வரை வேகம் இருக்கும், மண்டையைப் பிளக்கலாம், வெடிக்காது. விண்வெளியின் குளிரில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த அதன் உட்புறம் சூடேறக்கூட நேரமிருந்திருக்காது.

எங்கள் பேச்சு முடியும்வரை அப்பா குறுக்கிடவில்லை. கடைசியில், அந்த ஸ்கைலாப் எங்கேதான் விழுந்தது என்று கேட்டார். மேற்கு ஆஸ்திரேலியாவில், எஸ்பெரன்ஸ் ஊரின் சுற்றுப்புறத்தில் துண்டுகள் கிடைத்தன என்றும், ஜூலை 11-ஆம் தேதி நம் நேரப்படி இரவு பத்து மணி சுமாருக்கே எல்லாம் முடிந்துவிட்டது என்றும் சொன்னேன். "பத்து மணிக்கா?" என்றார் அப்பா. "நாங்கள் விடிய விடிய வாசலில் உட்கார்ந்திருந்தோமே."