முதலில் கணிப்பு, பிறகு திரை

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மின்னணுக் கருவிகளே இல்லை என்று இனி யாரும் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது. 2018ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் அச்சாயின. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் ஆய்வகங்களும், பிறகு பல தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறைகளும் வந்தன. ஆனாலும் ஆசிரியர்கள் கூடும் இடங்களில் பேச்சு பெரும்பாலும் கருவி வந்துவிட்டதா, இணைப்பு கிடைக்கிறதா, பயன்படுத்தியதைப் பதிவேற்றியாயிற்றா என்பதோடு முடிந்துவிடுகிறது. பாடவேளையின் எந்தக் கட்டத்தில் திரையைப் போடுவது, அதற்கு முன் மாணவர்களை என்ன செய்யவைப்பது என்பதைப் பற்றி நாம் மிகக் குறைவாகவே பேசிக்கொள்கிறோம். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துபவன் என்ற முறையில், எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவது கேள்விதான்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரையில் தெரியப்போவது என்ன என்று மாணவர் ஒவ்வொருவரும் முன்கூட்டியே கணித்து, அந்தக் கணிப்பை ஏதேனும் ஒரு வகையில் வெளிப்படுத்திய பிறகுதான் திரையைப் போட வேண்டும். அப்படிச் செய்யாத வகுப்பில் எவ்வளவு அருமையான மென்பொருளும் வேடிக்கைக் காட்சியாகத்தான் முடியும்.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்கொள்ளும் பாடம் மின்னோட்டவியல். ஒரு மின்கலம், தொடரிணைப்பில் ஒரே மாதிரியான இரண்டு பல்புகள். எது பிரகாசமாக எரியும் என்று கேட்டால், நேர்முனைக்கு அருகில் உள்ள முதல் பல்புதான் என்று வகுப்பில் கணிசமானோர் சொல்வார்கள். முதல் பல்பு மின்னோட்டத்தில் ஒரு பகுதியைத் ‘தின்றுவிடும்’, மீதிதான் அடுத்ததற்குப் போகும் என்பது அவர்கள் காரணம். இது நம் ஊர்ப் பிள்ளைகளிடம் மட்டும் காணப்படும் குழப்பமன்று. இயற்பியல் கற்பித்தலை ஆராய்பவர்கள் பல நாடுகளிலும் பதிவுசெய்துள்ள, மிக உறுதியாக வேரூன்றிய ஒரு தவறான கருத்து. வேடிக்கை என்னவென்றால், ஓம் விதியை ஒப்பித்து, தொகுபயன் மின்தடையைச் சரியாகக் கணக்கிட்டு முழு மதிப்பெண் வாங்கும் மாணவரிடமும் இதே எண்ணம் கலையாமல் இருக்கும். தேர்வு அதைத் தொடுவதே இல்லை.

இங்கேதான் கணினியில் செய்துபார்க்கும் அறிவியல் சோதனைகளைத் தரும் ஃபெட் (PhET) இணையதளத்தின் மின்சுற்றுச் சோதனை கைகொடுக்கிறது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய திட்டம் அது. மின்கலம், கம்பி, பல்பு, அம்மீட்டர் எல்லாவற்றையும் திரையில் இழுத்துவைத்து நாமே சுற்றை அமைக்கலாம். கம்பிக்குள் எலக்ட்ரான்கள் சிறு உருண்டைகளாக நகர்வதும் தெரியும். கரும்பலகையால் செய்ய முடியாத வேலை இதுதான். இரண்டு பல்புகளுக்கு முன்பும் நடுவிலும் பின்பும் உருண்டைகள் ஒரே வேகத்தில் செல்வதையும், மூன்று இடங்களிலும் அம்மீட்டர் ஒரே அளவைக் காட்டுவதையும் கண்ட பிறகு ‘தின்றுவிடும்’ என்று சொன்ன மாணவர் மௌனமாகிறார். அந்த மௌனம் மதிப்புள்ளது. ஆனால் அவர் முன்னதாக அப்படிச் சொல்லியிருந்தால்தான் அது வாய்க்கும். கணிக்காதவருக்கு அது வெறும் நீல உருண்டைகளின் ஓட்டம்.

ஃபெட் சோதனைகளில் இன்னொரு வசதியும் உண்டு. பெரும்பாலானவற்றைத் தனித்தனிக் கோப்புகளாக இறக்கிக்கொள்ளலாம். சில மெகாபைட் அளவுதான் இருக்கும். பென்டிரைவில் கொண்டுபோய் இணைய இணைப்பே இல்லாத கணினியின் உலாவியிலும் திறக்கலாம். பல சோதனைகள் தமிழிலும் கிடைக்கின்றன. இணையம் வரும், வராது என்ற நிலையில் உள்ள பள்ளிகளில் இது சிறிய விஷயமன்று. வகுப்பின் நடுவே சுழன்றுகொண்டிருக்கும் வட்டத்தை நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பாடவேளை கைநழுவிவிடும்.

திரையோடு நிறுத்திவிடுவதும் சரியன்று. அதே சுற்றை டார்ச் பல்புகளையும் உண்மையான மின்கலங்களையும் கொண்டு மேசைமேல் அமைத்தால், ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு பல்புகளும்கூடச் சற்றே வேறுபட்ட பிரகாசத்தில் எரியக்கூடும். உடனே ஒரு மாணவர், ‘பார்த்தீங்களா சார், நான் சொன்னதுதானே சரி’ என்பார். அப்போது பல்புகளை இடம் மாற்றிப் பொருத்தச் சொல்ல வேண்டும். மங்கலான பல்பு முதலிடத்துக்கு வந்த பிறகும் மங்கலாகவே எரிந்தால், வேறுபாடு இடத்தால் வந்ததன்று, பல்பால் வந்தது என்பது அவர்களுக்கே விளங்கிவிடும். பக்க இணைப்பில் இன்னொரு பல்பைச் சேர்க்கும்போதும் இப்படித்தான்: திரையில் முதல் பல்பு கொஞ்சமும் மங்காது, மேசைமேல், மின்கலம் பழையதாக இருந்தால், மங்குவது கண்ணுக்கே தெரியும். மின்கலத்துக்குள்ளும் ஒரு மின்தடை இருக்கிறது என்ற, மேல்நிலை வகுப்பில் வர வேண்டிய செய்தி பத்தாம் வகுப்பிலேயே ஒரு கேள்வியாக எழுந்துவிடுகிறது. ஃபெட் சோதனையிலும் அந்த அகமின்தடையை மாற்றிப் பார்க்க ஒரு வசதி இருப்பதால், மேசையிலிருந்து மீண்டும் திரைக்குத் திரும்பலாம். திரை கச்சிதமான உலகத்தைக் காட்டுகிறது, மேசை நடைமுறை உலகத்தைக் காட்டுகிறது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடே என் பார்வையில் நல்ல பாடம். செயல்முறைப் பொருள்களை வாங்க வேண்டியதில்லை, எல்லாம் கணினியிலேயே இருக்கிறது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கணிப்பை நாற்பது பேரிடமிருந்தும் பெறுவது எப்படி? கையைத் தூக்கச் சொன்னால், முதல் இருக்கையில் இருக்கும் இருவரின் கையைப் பார்த்து மற்றவர்கள் தூக்குவார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து நடத்திக்காட்டிய முறை இதற்கு நல்ல வழி சொல்கிறது. கருத்தைச் சோதிக்கும் ஒரு வினா. ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடையைத் தெரிவு செய்தல். பிறகு தன்னிடமிருந்து மாறுபட்ட விடை சொன்ன பக்கத்து மாணவரோடு வாதாடல். மீண்டும் தெரிவு செய்தல். இறுதியில்தான் ஆசிரியரின் விளக்கம். ஏறத்தாழ எல்லோருமே சரியாகச் சொல்லிவிட்டாலோ, மிகச் சிலரே சரியாகச் சொன்னாலோ அந்த வாதத்தால் பெரிய பயன் இராது. வகுப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கும்போதுதான் அது சூடுபிடிக்கும்.

இதற்கு மாணவர் கையில் கைப்பேசி தேவையில்லை. பிளிக்கர்ஸ் என்ற செயலியில் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனி வடிவம் கொண்ட ஓர் அட்டையை வெறும் தாளில் அச்சிட்டுக்கொள்ளலாம். அட்டையின் நான்கு பக்கங்களும் நான்கு விடைகள். தான் தெரிவு செய்த விடை மேலே வருமாறு மாணவர் பிடிப்பார். ஆசிரியர் தன் கைப்பேசிக் கேமராவை வகுப்பின் குறுக்கே ஒருமுறை மெதுவாக நகர்த்தினால் யார் எதைத் தெரிவு செய்தார் என்பது பதிவாகிவிடும். எழுத்துகள் பொடியாக இருப்பதால் பக்கத்து மாணவருக்குத் தெரியாது. பளபளப்பான லேமினேஷன் செய்தால் வெளிச்சம் பட்டு அட்டை படிக்கப்படாமல் போகும், விரலால் வடிவத்தை மறைத்தாலும் படிக்காது. இவை இரண்டையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஆசிரியரின் கைப்பேசியில் இணையம் இல்லாத நாளில் நான்கு நிற அட்டைகள் போதும். கண்களை மூடிக்கொண்டு மார்புக்கு நேராக விரல்களைக் காட்டச் சொன்னாலும் வேலை நடக்கும். கருவி எதுவானாலும், ஒளிந்துகொள்ள இடமில்லாமல் எல்லோரும் விடை சொல்வதுதான் இதன் பயன். எப்போதும் வாய் திறக்காத கடைசி வரிசை மாணவி சரியான விடையோடு இருப்பதும் இப்போதுதான் தெரியவரும்.

காணொளிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மின்னணுக் கற்பித்தல் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது அவைதான். பாடப்பகுதியைப் பின்னணி இசையோடு வாசித்துக்காட்டும் காணொளிகள் ஏராளமாக உள்ளன. அவற்றை வகுப்பில் ஓடவிட்டு ஓரமாக நிற்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தெளிவாக இருந்தால் புரிந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். வெரிட்டாசியம் என்ற யூடியூப் அறிவியல் அலைவரிசையைத் தொடங்கிய டெரெக் முல்லர், சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில் கண்டது இதற்கு மாறானது. சரியான விளக்கத்தை மட்டும் தெளிவாகச் சொன்ன இயற்பியல் காணொளியைப் பார்த்த மாணவர்கள் அது எளிதாக இருந்தது என்றார்கள், தங்கள் விடைகளில் உறுதியோடும் இருந்தார்கள். ஆனால் மதிப்பெண் அதிகம் உயரவில்லை. வழக்கமான தவறான கருத்துகளை முதலில் பேசவைத்து, பிறகு அவற்றை மறுத்த காணொளியைப் பார்த்தவர்கள் குழப்பமாக இருந்தது என்றார்கள். அவர்களுடைய மதிப்பெண்தான் கூடுதலாக உயர்ந்தது. ஆகவே காணொளியை நான் சிறு துண்டாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒலியை நிறுத்திவிட்டு, முக்கியமான நொடிக்குச் சற்று முன்பு நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்கிறேன். வர்ணனை இல்லாத காணொளிக்கு மாணவர்களே வர்ணனை சொல்வது, என் அனுபவத்தில், பாதி வகுப்பின் மதியத் தூக்கத்தைப் போக்கிவிடும்.

வானவியலுக்கு, எந்த ஊரின் எந்த நாள் வானத்தையும் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருள். இலவசம், ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் வேண்டாம். நம் ஊரைக் குறித்து, கார்த்திகை மாத முழுநிலா நாளின் மாலையைத் தேர்ந்தெடுத்து, திரையைக் காட்டாமல் கேட்கிறேன்: இன்று சூரியன் மறையும் நேரத்தில் நிலா எங்கே இருக்கும்? பலர் உச்சியில் என்பார்கள். முழுநிலா சூரியனுக்கு நேர் எதிரே இருப்பதால் அது கிழக்கில் அப்போதுதான் எழும் என்பதை அவர்கள் எட்ட வேண்டும். பிறகு திரையைப் போட்டால் நிலாவுக்கு அருகே கார்த்திகை விண்மீன் கூட்டம் இருக்கும். மார்கழியில் திருவாதிரை, தையில் பூசம் என்று திருவிழாப் பெயர்களைக் கொண்டே அடுத்தடுத்த மாதங்களின் முழுநிலா எங்கே நிற்கும் என்று கணிக்கச் சொன்னால், பாட்டி வீட்டில் கேட்ட பெயர்களுக்கு வானத்தில் ஓர் இடம் இருப்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுகொள்கிறார்கள். மாலையில் மொட்டைமாடியில் அதைச் சரிபார்க்கக் கைப்பேசி தேவையில்லை. நிலாவின் ஒளியில் கார்த்திகைக் கூட்டம் மங்கலாகத் தெரியும் என்பதால் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

வீட்டுப்பாடத்தைக் கைப்பேசியில் அனுப்புவதை மட்டும் நான் தவிர்க்கிறேன். பல வீடுகளில் இருப்பது ஒரே கைப்பேசி. அது அப்பாவோடு வேலைக்குப் போய் இரவில்தான் திரும்பும், டேட்டாவும் அதற்குள் தீர்ந்திருக்கும். கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியிருந்தபோது இதன் விளைவை நாம் எல்லோரும் கண்டோம். கருவியைப் பள்ளி நேரத்துக்குள், எல்லோருக்கும் பொதுவாகப் பயன்படுத்துவதே நியாயம்.

யுனெஸ்கோவின் உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, 2023இல் கல்வித் தொழில்நுட்பத்தையே தன் பொருளாக எடுத்துக்கொண்டது. இத்துறையில் சார்பற்ற சான்றுகள் குறைவு என்றும், கிடைக்கும் சான்றுகளில் பெரும்பகுதி அந்தத் தொழில்நுட்பத்தை விற்க முனைபவர்களிடமிருந்தே வருகிறது என்றும் அது எச்சரித்தது. விளம்பரத் தாள்களோடு பள்ளிக்கு வரும் ஒவ்வொரு முகவரிடமும், இதை ஓடவிடும்போது மாணவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்ற ஒரு கேள்வியை நான் கேட்பதுண்டு. ‘பார்த்துக்கொண்டிருப்பார்’ என்பதைத் தவிர வேறு விடை வருவது குறைவு.

இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைக் கொண்டு வினாத்தாள் தயாரிக்கும் பழக்கம் ஆசிரியர்களிடையே பரவி வருகிறது. நானும் பயன்படுத்துகிறேன், நேரம் மிச்சமாகிறது, ஆனால் தமிழில் கலைச்சொற்களையும் கணக்குகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தே ஆக வேண்டும். இவற்றிடம் நான் காணும் பெரிய குறை வேறு. பலவுள் தெரிவு வினாவுக்கு உயிர் அதன் தவறான விடைகளில்தான் இருக்கிறது. செயலி தரும் தவறான விடைகளோ பெரும்பாலும் எந்த மாணவரும் நம்பாதவை. ‘முதல் பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடும்’ என்பது போன்ற ஒரு தவறு மாணவரின் வாயிலிருந்தும் குறிப்பேட்டிலிருந்தும் மட்டுமே கிடைக்கும். ஆகவே விடைத்தாள் திருத்தும்போது, மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுவதற்கு முன்பு, ஒரே மாதிரியான தவறுகளை ஒரு தனி நோட்டில் எழுதிவைக்கிறேன். அடுத்த ஆண்டு அட்டையைத் தூக்கவைக்கும் வினாக்களின் விடைகளாக அவையே வருகின்றன. நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒருவருக்கொருவர் காணொளி இணைப்புகளை அனுப்பிக்கொள்வதற்குப் பதிலாக, பாடவாரியாக இந்தத் தவறுகளைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கலாம். மின்னோட்டவியலுக்கும் ஒளியியலுக்கும் என்னிடம் சேர்ந்திருப்பவற்றை அடுத்த பதிவில் தருகிறேன். வெப்ப இயற்பியலுக்கு வைத்திருப்பவர்கள் அனுப்பிவைக்கலாம்.