முனின் கிராஃபை அடுக்கப் போயி ஒரு வருச ஹிஸ்டரியை தொலைச்ச கதை

காரைக்குடில எங்க ஆபீஸ்ல 11 சர்வர், எல்லாத்தையும் கண்காணிச்சு கிராஃப் போடுறது முனின்ங்கிற சாஃப்ட்வேர்தான். (பேரைக் கேட்டுட்டு பள்ளத்தூர்ல எங்க அப்பத்தா "ஏன்யா, நம்ம முனியய்யாவா?"ன்னாங்க. இல்ல அப்பத்தா, அது நார்வே பக்கத்து புராணத்துல வர்ற ஒரு அண்டங்காக்கா, பேருக்கு அர்த்தம் ஞாபகம்.) இன்ஸ்டால், நோடு (கண்காணிக்க வேண்டிய சர்வர்) சேக்குறது எதுலயும் சிக்கல் வரல, அத விடுங்க.

சிக்கல் 'அதர்'ங்கிற (மத்ததுங்கிற) பிரிவுலதான். பிளகின்ல (கிராஃபுக்கு அளவு எடுத்துக் குடுக்குற சின்ன ஸ்கிரிப்ட்) எந்தப் பிரிவுன்னு சொல்ற கிராஃப் கேட்டகரி வரி இல்லன்னா முனின் அத 'அதர்'ல கொண்டு போய் போட்டுரும். எனக்கு முன்னாடி இருந்த அண்ணன் எழுதுன பிளகின் 37, ஒண்ணுலயும் அந்த வரி கிடையாது. போன தீபாவளி வாரம் ஒரு கண்டாங்கி சேலை கடைக்காரர் ராத்திரி 11 மணிக்கு போன் பண்ணி ஆர்டர் மெயில் யாருக்கும் போகலன்னு சத்தம் போடுறாரு, நான் ஸ்க்ரோல் பண்றேன் பண்றேன், போகாம காத்து நிக்கிற மெயிலைக் காட்டுற மெயில் க்யூ கிராஃப் யூபிஎஸ் சூட்டுக்கும் பேக்கப் நேரத்துக்கும் நடுவுல உக்காந்துருக்கு, சாயங்காலத்துலேருந்தே ஏறிக்கிட்டு இருந்துருக்கு. அண்ணனுக்கு போன் போட்டா, "எது எங்க இருக்குன்னு எனக்கு தெரியும்ல தம்பி, அப்புறம் எதுக்கு பிரிக்கிறது?" வேலைய விட்டுப் போன மனுசன் பேசுற பேச்சா இது!

சரின்னு உக்காந்தேன். முதல்ல சாஃப்ட்வேர் பேர்ல பிரிச்சேன், வளவு வீட்டுல கல்யாணம் ஆன ஒவ்வொருத்தருக்கும் ஒரு அறை குடுக்குற மாதிரி. 19 கேட்டகரி ஆச்சு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு கிராஃப், 'டிஸ்க்'னு ஒண்ணு 'டிஸ்க்ஸ்'னு ஒண்ணு வேற. முன்னதே தேவலை. அந்த ஞாயித்துக்கிழம அப்பத்தா சாமான் அறைலேருந்து அண்டா எடுத்துட்டு வரச் சொன்னாங்க. அங்க பித்தளை ஒரு பக்கம் எவர்சில்வர் ஒரு பக்கம்னு இல்ல, கல்யாணச் சாமான் ஒரு பக்கம், திவசத்துக்கு உள்ளது ஒரு பக்கம், போன உடனே கைக்கு வந்துருச்சு. அதனால நானும் யாரு என்ன சொல்லி போன் பண்ணுவாங்கன்னு பிரிச்சேன்: சைட் ஸ்லோ, மெயில் போகல, இடம் இல்ல, பேக்கப் ஓடுச்சா, இப்படி மொத்தம் ஆறு. கேட்டகரி பேரு மட்டும் ஸ்மால் லெட்டர்ல, ஸ்பேஸ் இல்லாம வைங்க. முனினோட கூடவே வர்ற பிளகின்ல கைய வைக்காதீங்க, அப்டேட் வந்தா அடிச்சுட்டுப் போயிரும், முனினோட செட்டிங் ஃபைல் முனின் டாட் கான்ஃப்ல அந்த ஹோஸ்டுக்கு (சர்வருக்கு) கீழ பிளகின் பேரு, ஒரு புள்ளி, கிராஃப் கேட்டகரி, அப்புறம் கேட்டகரி பேருன்னு எழுதுனா போதும். அடுத்த அஞ்சு நிமிச ரன்ல மாறிரும், பழைய டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகாது.

அதோட நிறுத்திருக்கணும். அழகா இருக்கட்டுமேன்னு பிளகினை முனினோட சேத்து வைக்கிற லிங்க்கு 14க்கு பேரையும் மாத்துனேன் பாருங்க, அங்க விழுந்துச்சு அடி. கிராஃபோட டேட்டா இருக்குற ஆர்ஆர்டி ஃபைல் பேர்ல கேட்டகரி இருக்காது ஆனா பிளகின் பேரு இருக்கும், பேரு மாறுனா முனினுக்கு அது புது ஆளு, புது ஃபைல் போட்டு முதல்லேருந்து ஆரம்பிச்சுரும். வருச கிராஃப் 14ம் காலி. போன தீபாவளி லோடை வச்சுத்தான் இந்த வருசத்துக்கு ராம் கேக்கணும், ஞாபகத்துக்கு பேர் போன காக்கா எல்லாத்தையும் மறந்துட்டு முழிக்குது.

பழைய ஃபைல் வார் லிப் முனின் ஃபோல்டர்ல அப்படியே கெடந்துச்சு, அது ஒரு நிம்மதி. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா முனினை ஓட்டுற க்ரானை நிறுத்திட்டு பழசை புதுப் பேருக்கு காப்பி பண்ணேன், ரூட்டா (முழு அதிகாரம் உள்ள யூசரா) இருந்து. காப்பி ஆன ஃபைலுக்கு ஓனர் ரூட், முனினால எழுத முடியல, மூணு மணி நேரம் கிராஃப்ல ஓட்டை. அப்டேட் லாக்ல பர்மிஷன் டினைடுன்னு வரிசையா நிக்குது, நான்தான் பாக்கல. ஓனரை மாத்துற சோன் கமாண்ட் போட்டதும் ஓடுச்சு. நீங்க காப்பி பண்ணாம எம்வி (ஃபைலை நகத்துற கமாண்ட்) போடுங்க, ஓனர் மாறாது. பேரு மாத்துனதுக்கும் திரும்ப சேத்ததுக்கும் நடுவுல ரெண்டு நாள் டேட்டா போச்சு, மத்ததெல்லாம் வந்துருச்சு.

இப்ப 'அதர்'ல ரெண்டே கிராஃப். ஒண்ணு யூபிஎஸ் சூடு. இன்னொண்ணு டெஸ்ட் டூன்னு ஒரு நேர்கோடு, அண்ணன்கிட்ட கேட்டா அவருக்கே தெரியலையாம்.