ஓடிய வண்டியா, நின்ற வண்டியா: பழைய மோட்டார்ஹோம் வாங்கும் முன்

“15 வருஷ வண்டி, 18,000 மைல்தான் ஓடியிருக்கிறது” என்று விளம்பரத்தைப் பார்த்ததும் மனசு துள்ளும். காராக இருந்தால் துள்ளலாம். கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டார்ஹோமுக்கு அந்தக் கணக்கு செல்லாது. வருஷத்துக்கு 1,200 மைல் என்றால் மிச்ச நாளெல்லாம் எங்கோ நின்றிருக்கிறது என்றுதான் அர்த்தம். நிற்கிற வண்டியில் டயர் வெடிப்பு விடும், ரப்பர் இறுகும், பெட்ரோல் பிசினாகும், எலி வயரைக் கடிக்கும். கூரையில் இருக்கும் மயிரிழை விரிசல் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் குடிக்கும். அமெரிக்காவில் ஓய்வுபெற்றதும் ஊர் சுற்ற வண்டி தேடுகிறவர்கள் எடுத்ததும் என்ஜினைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். என்ஜின் இருக்கட்டும், முதலில் கூரைக்கு ஏறுங்கள். ஏணியில் ஏற முடியாதென்றால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. வாங்கிய பிறகு வருஷத்துக்கு இரண்டு தடவை ஏறித்தான் ஆகவேண்டும்.

மேலே ஏசி, காற்றுப்போக்கி, ஆன்டெனா, சன்னல் எல்லாவற்றையும் சுற்றி, தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலண்ட் பூசியிருக்கும். அதன் ஓரம் எழும்பியிருக்கிறதா என்று நகத்தால் நிமிண்டிப் பாருங்கள். கூரைக்குரிய சீலண்ட்டுக்குப் பதிலாக கடையில் கிடைத்த சிலிக்கோனை யாராவது அப்பியிருந்தால் ஒழுகலை மூடி மறைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அதன்மேல் பிறகு எதுவும் ஒட்டாது, முழுக்கச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அடுத்து உள்ளே வந்து மேல் அலமாரிகளைத் திறந்து, மூலைகளில் டார்ச் அடியுங்கள். டீ சிந்தின மாதிரி கறை தெரிந்தால் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் உள்ளே பிளைவுட் ஊறிவிட்டது.

வெளிச்சுவரைச் சாயங்கால வெயிலில் பார்ப்பது நல்லது. பின்மூலையில் நின்று, கன்னத்தைச் சுவரோடு ஒட்டினாற்போல் வைத்து நீளவாக்கில் பாருங்கள். நேரே நின்று பார்த்தால் தெரியாத உப்பல் அப்போது தெரியும். ஃபைபர்கிளாஸ் தகடு, அதன் பின்னால் மெல்லிய பிளைவுட், அதற்குப் பின்னால் ஃபோம் என்று மூன்றையும் பசை போட்டு ஒட்டியதுதான் அந்தச் சுவர். தண்ணீர் இறங்கினால் பசை விட்டுப்போகும். சரியாகப் பழுதுபார்ப்பதென்றால் சுவரையே பிரிக்க வேண்டும். ஓர் உப்பல் கண்ணில் பட்டாலும் நான் பேரம் பேசமாட்டேன், கிளம்பிவிடுவேன். கதவைத் திறந்ததும் ஊதுவத்தியும் ரூம் ஸ்பிரேயும் மூக்கைத் துளைத்தால் அதுவும் ஒரு சேதிதான்.

ஸ்லைட்-அவுட் (வண்டி நிற்கும்போது சுவரிலிருந்து வெளியே நீளும் பகுதி) இருந்தால் முழுக்க வெளியே தள்ளி, முழுக்க உள்ளே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். வெளியே நிற்கும்போது அதன் தரையின் கீழ்மூலைகளைத் தடவிப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் சரியாக இருந்து அங்கே மட்டும் உளுத்திருப்பது சகஜம்.

டயரின் பட்டன் ஆழத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம்தான் அதன் ஜாதகம். 2316 என்றால் 2016-இன் 23-ஆவது வாரம் செய்தது. முழுக் குறியீடு டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அது உள்பக்கமாகத் திரும்பியிருந்தால் கீழே படுத்துத்தான் படிக்க வேண்டும். 7 வருஷம் தாண்டிய டயரை, எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், மாற்றவேண்டிய கணக்கில் சேருங்கள். ஆறு டயருக்குச் சில ஆயிரம் டாலர் ஆகும். போகிற வேகத்தில் வெடிக்கும் டயர் சக்கரக்கூண்டின் வழியே போகும் குழாயையும் வயரையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு போகும்.

ஜெனரேட்டரில் ஓடிய மணிநேரம் காட்டும் மீட்டர் இருக்கும். 15 வருஷத்தில் 90 மணிநேரம் என்றால் விற்பவர் பெருமையாகச் சொல்வார், நாம் கவலைப்பட வேண்டும். மாதம் ஒருமுறை சுமையோடு ஓட்டாத பெட்ரோல் ஜெனரேட்டரில் கார்ப்பரேட்டர் அடைத்துக்கொள்ளும். ஏசியைப் போட்டு அரைமணி நேரம் ஓடவிடுங்கள். சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கித் தள்ளாடினால் அதுதான்.

ஃபிரிட்ஜ் கேஸில் ஓடும் பழைய வகையென்றால் முந்தின நாளே போட்டுவைக்கச் சொல்லுங்கள். குளிரவே பாதி நாள் எடுக்கும். வெளிப்பக்க மூடியைத் திறந்தால் மஞ்சள் பொடியோ அம்மோனியா வாடையோ இருக்கக்கூடாது. இதில் கம்ப்ரசர் கிடையாது. அம்மோனியாக் கரைசல் தன் எடையால் வழிந்து சுற்றுவதுதான் வேலையே. வண்டியைச் சாய்வாக நிறுத்தி ஓடவிட்டால் ஓட்டம் நின்று, கொதிகலப் பகுதி அளவுக்கு மீறிச் சூடாகும். துரு பிடிக்காமலிருக்கச் சேர்த்த உப்பு கட்டியாகிக் குழாயை அடைத்துவிடும். பிறகு சரியாகாது, குளிர்பகுதியை மொத்தமாக மாற்ற வேண்டும்.

தண்ணீருக்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. டேங்க்கை நிரப்பி, பம்ப்பைப் போட்டு, எல்லாக் குழாயையும் மூடிவிட்டுப் பத்து நிமிஷம் பேசாமல் உட்காருங்கள். பம்ப் வாயைத் திறக்கக்கூடாது. இரண்டு நிமிஷத்துக்கொருமுறை ‘டர்ர்’ என்றால் எங்கோ கசிகிறது; பனிக்காலத்தில் குழாய் உறைந்து வெடித்திருக்கலாம். “குளிர்காலத்துக்காக ஆன்டிஃபிரீஸ் ஊற்றி மூடிவிட்டோம், தண்ணீர் சோதிக்க முடியாது” என்றால் வசந்தம் வரை காத்திருங்கள், இல்லாவிட்டால் அதற்கேற்ற விலை கேளுங்கள்.

எடைதான் யாரும் பார்க்காத விஷயம். 2008-க்குப் பிந்தைய வண்டிகளில் ஆட்களும் சாமானும் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அது 1,500 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேர் 320. தண்ணீர் ஒரு கேலன் 8.3 பவுண்டு, 40 கேலன் டேங்க் நிறைந்தால் 332. மிச்சம் 848. அதற்குள்தான் துணிமணி, பாத்திரம், அரிசி மூட்டை, கருவிப்பெட்டி, மடக்கு நாற்காலி, கூடுதல் பேட்டரி எல்லாமே. 30 அடிக்கு மேற்பட்ட ஃபோர்டு ஈ-450 சேஸியில் (அடிச்சட்டத்தில்) கட்டிய வண்டிகளில் இது சீக்கிரம் தீர்ந்துபோகும். அந்தச் சேஸியின் மொத்த எடை எல்லையே 14,500 பவுண்டுதான். லாரி நிறுத்தங்களில் இருக்கும் கேட் (CAT) கம்பெனி எடைமேடையில் ஏற்றி, முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

மின்சாரம் 30 ஆம்பியரா 50 ஆம்பியரா என்பதை நம் சமையல்காரர்கள் கவனிக்க வேண்டும். 30 என்றால், அமெரிக்காவின் 120 வோல்ட்டில், 3,600 வாட். ஏசி சுமார் 1,500, இண்டக்‌ஷன் அடுப்பு 1,800. அதோடு சட்னிக்கு மிக்ஸியைத் தட்டினால் பிரேக்கர் விழும். 50 ஆம்பியர் இரண்டு கம்பியில் வருவதால் 12,000 வாட் கிடைக்கும்.

பின்பக்க என்ஜின் டீசல் வண்டியில் ரேடியேட்டரும் பின்னால் இருந்தால் என்ஜினின் உள்காற்றை வெளியே விடும் மூச்சுக்குழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். அதிலிருந்து வரும் எண்ணெய்ப்பசை ரேடியேட்டரில் படிய, அதன்மேல் தூசி ஒட்டிக் கம்பளி போலாகும். சமவெளியில் ஒன்றும் தெரியாது, மலை ஏறும்போது கொதிக்கும்.

பஸ்ஸை வீடாக்கிய வண்டி வேறு ஜாதி. பிரீவோ, எம்சிஐ போன்ற நெடுந்தூரப் பஸ்கள் லட்சக்கணக்கான மைல் ஓடப் பிறந்தவை; அவற்றின் இரும்புச் சட்டம் (ஃபிரேம்) தாங்கும். ஆனால் உள்ளே வீடு கட்டியது யார் என்பது கேள்வி. பழையவற்றில் டெட்ராய்ட் டீசல் கம்பெனியின் 8வி71 டூ-ஸ்ட்ரோக் என்ஜின் இருக்கும்: சிலிண்டருக்கு 71 கன அங்குலம், எட்டு சிலிண்டர். சத்தம் அலாதி, ரசிகர்களும் உண்டு. அதற்கு ஒற்றை கிரேடு 40 ஆயில்தான் ஊற்ற வேண்டும், கடையில் எங்கும் கிடைக்கும் 15டபிள்யூ-40 ஆகாது. ஒருதடவை நன்றாகக் கொதித்தால் பெரிய செலவு. அதைத் தெரிந்த மெக்கானிக்குகளும் ரிட்டயராகி வருகிறார்கள். அதே கம்பெனியின் நான்கு ஸ்ட்ரோக் சீரிஸ் 60 என்ஜின் இருந்தால் நிம்மதி.

துருப்பிடிக்காத எஃகுப் பக்கத்தகடு பளபளக்கும். அதன் பின்னால் சட்டம் பொடியாகியிருக்கலாம். பனி உருகச் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களில் ஓடிய பஸ் என்றால் சாமான் அறைக்குள் படுத்து, சுத்தியலால் சட்டத்தைத் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். காற்று பிரேக்குக்கு: அழுத்தம் ஏறியதும் என்ஜினை அணைத்து, பிரேக்கை மிதிக்காமல் பாருங்கள், நிமிஷத்துக்கு 2 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்த அளவு) மேல் இறங்கக்கூடாது, மிதித்துப் பிடித்தால் 3. பிரேக்கை மிதித்து மிதித்து விட்டால் 60 பிஎஸ்ஐ நெருங்கும்போது எச்சரிக்கை கத்த வேண்டும். உள்ளே மின்பலகையில் நியூட்ரலும் எர்த்தும் ஒரே பட்டையில் சேர்ந்திருந்தால் வீட்டு எலக்ட்ரீஷியன் வேலை. வெளி இணைப்பில் சின்னக் கோளாறு வந்தாலே பாடியில் ஷாக் அடிக்கும்.

பணம் கொடுக்குமுன் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பேசிவிடுங்கள். கைவேலை பஸ் என்றாலே கைவிரிப்பவர்கள் பலர். ஆவணத்தில் பஸ் என்பது மோட்டார்ஹோமாக மாறியிருக்க வேண்டும். லைசென்ஸும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு: கலிஃபோர்னியாவில் 40 அடிக்கு மேல் போனால் தனி கிளாஸ் பி லைசென்ஸ் வேண்டும், டெக்சஸில் எடை எல்லை 26,000 பவுண்டுக்கு மேல் போனால்.

வயதையும் கணக்கில் எடுங்கள். மூலையில் ஒட்டிய கட்டில் என்றால் ராத்திரி பாத்ரூம் போக ஒருவர்மேல் ஒருவர் ஏறிக் கடக்க வேண்டும். இருபக்கமும் நடக்க இடமுள்ள கட்டிலாகப் பாருங்கள். 62 வயதானவர்களுக்கு, குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால், தேசியப் பூங்கா சீனியர் பாஸ் ஆயுளுக்கும் 80 டாலர். பல முகாம்களில் பாதிக் கட்டணம். ஆனால் பழைய முகாம்களில் நீள வண்டிக்கு இடம் கிடைப்பது கஷ்டம். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில், தனியார் கம்பெனி நடத்தும் அட்வான்டேஜ் திட்டம் எடுத்தவர்களுக்கு அவசரத்தைத் தவிர மற்ற வைத்தியம் பெரும்பாலும் சொந்த ஊர் வட்டாரத்தில்தான் செல்லும். மாதக்கணக்கில் சுற்றுகிறவர்களுக்கு அரசு நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேர் தோது.

எல்லாம் சரியென்று தோன்றினால் என்ஜின், கியர் ஆயில் மாதிரிகளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள். வீட்டுப் பகுதிக்குச் சான்றுபெற்ற ஆர்வி (மோட்டார்ஹோம் போன்ற வீட்டுவண்டி) பரிசோதகர், சேஸிக்கு லாரி மெக்கானிக் என்று இரண்டு பேர் வேண்டும். கடைசியாக, நெடுஞ்சாலையும் ஒரு மேடும் சேர்த்து அரைமணி ஓட்டிவிட்டு இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டுங்கள். ஒரே அச்சில் ஒரு பக்கம் மட்டும் நன்றாகச் சூடேறியிருந்தால் அந்தப் பிரேக் பிடித்தபடியே இருக்கிறது. நின்று நின்று கேலிப்பர் இறுகியிருக்கும்.