பாகற்காயும் மரகதமும்

அரையாண்டுத் தேர்வு முடிந்த அன்று மாலையே எங்கள் வாட்ஸ்அப் குழு விழித்துக்கொண்டது. பி.எட். ஒன்றாகப் படித்த ஏழு பேர் அதில் இருக்கிறோம். எல்லோரும் ஆசிரியைகள். பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் எப்போதோ போய்விட்டது; அவரவர் பாடமே அவரவர் பெயர். "லீவுக்கு என்னடி பண்றீங்க எல்லாரும்?" என்று ஆங்கிலம் ஆரம்பித்து வைத்தாள். அவள் குடும்பத்தோடு கொடைக்கானல். உயிரியல் பொங்கலுக்குள் வீட்டுக்கு வெள்ளையடித்து முடிக்க வேண்டுமாம். புவியியலுக்கு மாமியார் வீடு. அதற்கு மேல் அவளும் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வேதியியல் கடைசியாக வந்தாள். "திருவாதிரை இந்தத் தடவை லீவுலயே வருது. உத்தரகோசமங்கை போலாமா?"

மார்கழித் திருவாதிரை எல்லா வருடமும் பள்ளி விடுமுறைக்குள் அடங்காது. சில வருடம் டிசம்பர் கடைசி வாரத்தில் வரும், சில வருடம் பொங்கலை ஒட்டித் தள்ளிப்போய்விடும். அதனால் தமிழும் நானும் (நான் வரலாறு) உடனே சரி என்றோம். கணக்குதான் முரண்டு பிடித்தாள். அவளுக்குக் கோயில் குளத்தில் பெரிய பிடிப்பு கிடையாது. தவிர, திருத்தாத விடைத்தாள் இரண்டு கட்டு கையில் இருந்தது. ஆனால் எங்கள் நால்வரில் நெடுஞ்சாலையில் கார் ஓட்டும் தைரியம் அவளுக்கு மட்டும்தான். "கட்டைக் கார்லயே தூக்கிட்டு வா, டோட்டல் நாங்க போட்டுத் தர்றோம்" என்று தமிழ் சொன்னதும் இறங்கி வந்தாள்.

தமிழுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உத்தரகோசமங்கைக்கு நேராகப் போகக் கூடாது, வழியில் ஆவுடையார்கோயில் பார்க்க வேண்டும். மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பட்ட ஊர். பழைய பெயர் திருப்பெருந்துறை. மார்கழி பூரா அவர் பாட்டைக் கேட்டுவிட்டு அவர் ஊர் வாசலைத் தாண்டிப் போவது நன்றாகவா இருக்கும் என்றாள்.

திருச்சியை விட்டுக் கிளம்பும்போது மணி நாலரை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்ட வேண்டிய பனி. புதுக்கோட்டை வரைக்கும் ஊருக்கு ஒரு ஒலிபெருக்கி. திருவெம்பாவை இருபது பாட்டு, அப்புறம் திருப்பள்ளியெழுச்சி பத்துப் பாட்டு. ஒரு ஊரில் ஆரம்பம், அடுத்த ஊரில் நடுப்பாட்டு, அதற்கடுத்த ஊரில் மறுபடியும் ஆரம்பம் என்று துண்டு துண்டாகக் கேட்டுக்கொண்டே போனோம். "திருவெம்பாவை திருவண்ணாமலைல பாடினது. பள்ளியெழுச்சிதான் இப்ப நாம போற ஊருது" என்று பின் சீட்டிலிருந்து தமிழின் வகுப்பு நடந்தது. கணக்கு ரேடியோவைப் போடப் போன கையை எடுத்துக்கொண்டாள்.

அறந்தாங்கி தாண்டி ஆவுடையார்கோயில் சேர்ந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. தெற்குப் பார்த்த கோயில். உள்ளே நுழைந்தால் பழகிய கண்ணுக்கு ஏதோ குறைகிறது. கொடிமரம் இல்லை. பலிபீடம் இல்லை. நந்தி இல்லை. சிவன் கோயிலில் நந்தி இல்லாத இடத்தைக் கண் தானாகவே தேடும். தேடிவிட்டு ஏமாந்து திரும்பும்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். திருவாதவூரில் பிறந்த வாதவூரர் (பின்னாளில் மாணிக்கவாசகர்) பாண்டியனுக்கு அமைச்சர். குதிரை வாங்கப் பொன்னோடு கிளம்பியவர், இங்கே குருந்த மரத்தடியில் குருவாக உட்கார்ந்திருந்த ஈசனைப் பார்க்கிறார். பொன் முழுவதும் கோயில் திருப்பணியில் கரைகிறது. குதிரை எங்கே என்று அரசன் கேட்க, நரிகள் பரிகளாகி மதுரைக்குப் போய், இரவில் மறுபடி நரிகளாகி ஊளையிட்ட கதை அதன் தொடர்ச்சி. "அரசாங்கப் பணத்தை வேற கணக்குல செலவு பண்ணியிருக்கார். எங்க ஸ்கூல்ல ஒரு சாக்பீஸ் பெட்டிக்கே ஆடிட்ல கேள்வி வருது" என்றாள் கணக்கு. தமிழுக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன். அவளே முதலில் சிரித்துவிட்டாள். மாணிக்கவாசகர் காலம் எது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒத்த முடிவு இல்லை, ஒன்பதாம் நூற்றாண்டு என்பார் பலர் என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

ஏனென்றால் எல்லோரும் அண்ணாந்து நின்றிருந்தார்கள். கொடுங்கை என்று சொல்லும் கல் தாழ்வாரம். மரச்சட்டம் வைத்து, குறுக்கே கம்பி கொடுத்து, ஆணி அடித்த கூரை மாதிரி இருக்கிறது, அத்தனையும் கருங்கல். ஆணியின் கொண்டை கூடக் கல். கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும் அந்தக் காலத்துச் சிற்பிகள், ஆவுடையார்கோயில் கொடுங்கை போன்ற வேலை நீங்கலாக மற்றதைச் செய்து தருகிறோம் என்று எழுதுவார்களாம். இது கல்தானா என்று ஒரு வெள்ளைக்காரர் துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தார் என்று ஒரு பெரியவர் ஓட்டையைக் காட்டினார். அந்தக் கதைக்கு ஆதாரம் கேட்க வேண்டியவள் நான். கேட்கவில்லை. காலை வேளையில், அவ்வளவு ஆசையாகச் சொல்கிறவரிடம் என்ன ஆதாரம் கேட்பது?

சன்னதிக்கு வருகிறேன். அங்கே லிங்கம் இல்லை. ஆவுடையார் என்னும் பீடம் மட்டும் இருக்கிறது, மேலே பாணம் (லிங்கத்தின் தண்டு) இருக்க வேண்டிய இடத்தில் குவளை என்னும் கவசம் சாத்தியிருக்கிறது. சுவாமியின் பெயர் ஆத்மநாதர். உருவம் இல்லாதவர் என்று படித்துத்தான் போயிருந்தேன். ஆனாலும் விளக்கொளியில் அந்த வெறும் பீடத்தைப் பார்த்தபோது எதைப் பார்ப்பது என்று தெரியாமல் ஒரு நிமிடம் திகைத்தேன். மற்ற கோயில்களில் முகம் இருக்கும், அலங்காரம் இருக்கும், "இன்னிக்கு என்ன அழகு!" என்று சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கும். இங்கே எதுவும் இல்லை. நான்தான் நிற்கிறேன்.

உச்சிக்காலம் வரை காத்திருந்தோம், நைவேத்தியத்துக்காக. சன்னதிக்கு முன்னால் படைகல் இருக்கிறது. வடித்த சூட்டோடு புழுங்கலரிசிச் சோற்றைக் கொண்டுவந்து அதன்மேல் பரப்பினார்கள். கூடவே கீரை, பாகற்காய். சர்க்கரைப் பொங்கலும் இல்லை, புளியோதரையும் இல்லை. யார் வீட்டிலும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை சமைப்பது. சோற்றிலிருந்து ஆவி எழுந்தது. அந்த ஆவிதான் நைவேத்தியம். உருவம் இல்லாதவருக்கு உருவம் இல்லாத சாப்பாடு. அது மெதுவாக எழுந்து, விளக்குச் சுடருக்குப் பக்கத்தில் வளைந்து, இருட்டுக்குள் போய்க் காணாமல் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். புழுங்கலரிசி வாசனை நான் நின்ற இடம் வரை வந்தது. அப்போது கண் கலங்கியது ஏன் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது. சோற்று வாசனைக்கா யாராவது அழுவார்கள்?

வேதியியல் என் தோளைத் தொட்டு, "ஆவி எங்கயும் போகாது. ரூம் பூரா பரவிடும்" என்று மெல்லச் சொன்னாள். அவள் பாடத்தைத்தான் சொன்னாள்.

அம்மன் யோகாம்பாள். அவளுக்கும் திருவுருவம் கிடையாது, பாதங்கள் மட்டும். அதையும் கல் பலகணி வழியாகக் கண்ணை இடுக்கிக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

மதியத்துக்கு மேல் மீமிசல் வந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். தொண்டி, தேவிபட்டினம். நவக்கிரகமாகக் கும்பிடும், கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களை எட்டிப் பார்த்துவிட்டு ராமநாதபுரம். கண்மாய்களில் தண்ணீர் கிடந்தது, கரையெல்லாம் கருவேல மரம். இடையில் ஒரு டயர் பஞ்சரானது. ஸ்டெப்னி மாற்றிக் கொடுத்த தம்பி காசு வாங்க மறுத்து, "நாளைக்குத் திருவாதிரைல, எனக்கும் சேத்துக் கும்பிட்டுக்கங்கக்கா" என்றான். பெயர் கேட்க மறந்துவிட்டோம். "டயர் மாத்தின தம்பின்னு சொன்னாப் போதும், சாமிக்குத் தெரியும்" என்றாள் கணக்கு! பிடிப்பு இல்லாதவள் பேசுகிற பேச்சா இது என்று நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டோம்.

உத்தரகோசமங்கைக்கு இருட்டித்தான் போய்ச் சேர்ந்தோம். 'மண் முந்தியோ மங்கை முந்தியோ' என்று சொல்லும் ஊர். பூமி முதலில் தோன்றியதா, இந்த ஊரா என்று கேட்கும் அளவுக்குப் பழசாம். மங்களநாதரும் மங்களேஸ்வரியும் இருக்கிறார்கள். அம்பிகைக்கு இறைவன் இங்கே ரகசியம் உபதேசித்தார், அதனால் இந்தப் பெயர் என்பது தலபுராணம். மற்ற சிவன் கோயில்களில் தள்ளி வைக்கும் தாழம்பூ இங்கே ஆகும். பெரிய கோபுரத்தில் விளக்கு, தெருவெல்லாம் ஜனம். கைக்குழந்தைக்காரர்கள், தடி ஊன்றி வந்தவர்கள், பள்ளி விடுமுறையில் பாட்டியிடம் மாட்டிக்கொண்ட பையன்கள்.

இவ்வளவு பேரும் வந்தது மரகத நடராஜரைப் பார்க்க. ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான பச்சைத் திருமேனி. வருடம் முழுக்கச் சந்தனக்காப்புக்குள் இருப்பார்; மரகதம் மென்மையானது, மேளச் சத்தத்தின் அதிர்வு கூட அதற்கு ஆகாது என்பது நம்பிக்கை. திருவாதிரைக்கு முந்தின நாள் சந்தனத்தைக் களைவார்கள். அன்று பகலும் இரவும் தரிசனம், அபிஷேகம். திருவாதிரை விடியலுக்கு முன் புதுச் சந்தனம் சாத்திவிடுவார்கள்.

வரிசை நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. நின்ற நேரங்களில் கணக்கு சுவரோரமாக உட்கார்ந்து, மடியில் விடைத்தாளை வைத்துச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருவர் எட்டிப் பார்த்து, "பாவம், பாத்துப் போடுங்கம்மா. எம்பேரனும் பத்தாவதுதான்" என்றார். அதற்கப்புறம் இரண்டு தாள்களுக்கு மதிப்பெண் கொஞ்சம் தாராளமாக விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

தமிழ் தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்தபடி வந்தாள். இந்த ஊரில் மாணிக்கவாசகர் பாடிய நீத்தல் விண்ணப்பம். ஐம்பது பாட்டிலும் ஒரே மன்றாட்டுதான்: என்னை விட்டுவிடாதே. "அவ்வளவு பெரிய ஆளு, ஆட்கொண்டதுக்கு அப்புறமும் இப்படிப் பயந்திருக்காரு பாரு" என்றாள். அன்று கேட்டதில் மனதில் ஒட்டிய ஒரே வாக்கியம் அது.

எங்கள் முறை பத்து மணிக்கு மேல் வந்தது. பத்து விநாடி இருக்கலாம். முதலில் கருப்பாகத்தான் தெரிந்தது. பச்சை எங்கே என்று பதறினேன். அதற்குள் உள்ளே தீபம் காட்ட, சுடர் போன பக்கமெல்லாம் பச்சை விழித்தது. இலைப் பச்சை இல்லை. ஆழமான கிணற்றில் மத்தியான வெயில் இறங்கினால் அடியில் தெரியுமே, அது. தூக்கிய திருவடி, வீசிய கை, ஒரு முகம். "நகருங்க, நகருங்க." நகர்ந்துவிட்டோம். குள்ளமான தமிழுக்கு முன்னால் நின்றவரின் தோளுக்கு மேலே தூக்கிய பாதம் மட்டும்தான் தெரிந்ததாம். "போதும்டி, அதைத்தானே கேக்கணும்" என்றாள். முகத்தில் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

இரவு பிராகாரத்தில் போர்வை விரித்துக் கிடந்தோம். அபிஷேக மணிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தோம். விடியும் முன் சந்தனம் ஏறிவிட்டது. களைந்த பழைய சந்தனத்தில் ஒரு துளி வேதியியலுக்குக் கிடைத்தது. முட்டி வலியால் வர முடியாத அவள் அம்மாவுக்கு. பத்திரமான இடம் எது என்று யோசித்து, காகிதத்தில் மடித்துக் கணக்கின் விடைத்தாள் கட்டுக்கு நடுவில் செருகினாள். திருவாதிரைக்கு ஒரு வாய்க் களி சாப்பிடாமல் விடக் கூடாது என்று, ஊர் திரும்பும் வழியில் தமிழ் வீட்டில் இறங்கிக் களியும் கூட்டும் சாப்பிட்டோம்.

குழுவில் படங்கள் குவிந்திருந்தன. கொடைக்கானல் மூடுபனி, பாதி வெள்ளையடித்த சுவர். "உங்க போட்டோ எங்கடி?" என்று ஆங்கிலம் கேட்டாள். சன்னதிக்குள் படம் எடுக்கக் கூடாது. எடுக்கலாம் என்றாலும் ஆத்மநாதர் சன்னதியில் எதை எடுத்திருப்பேன்? சோற்று ஆவியைப் பற்றி நாலு வரி தட்டினேன், சரியாக வரவில்லை, அழித்துவிட்டேன். கடைசியில் அனுப்பியது பஞ்சரான டயரின் படம்.

பள்ளி திறந்த மூன்றாம் நாள் கணக்கு எழுதினாள். விடைத்தாள் கொடுத்தபோது ஒரு பையன் எழுந்து, "மிஸ், என் பேப்பர்ல மட்டும் மஞ்சளா ஏதோ ஒட்டியிருக்கு" என்றானாம். என்ன சொல்வது என்று அவள் யோசிப்பதற்குள் தாளை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தவன், மதிப்பெண்ணைக் கூடப் பார்க்காமல் பக்கத்துப் பையனிடம் நீட்டினானாம். அவனும் மோந்துவிட்டு அடுத்தவனிடம் கொடுக்க, கடைசி பெஞ்சு வரை போய்விட்டு வந்ததாம் அந்தத் தாள்.